தண்ணீர் ஊற்றாமல் எடுத்த தட்டு

தார் டின்னில் தண்ணீர் காய்ச்சிக் குளித்தவர்கள் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாலை போடுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போகும் தகர டின்னை எடுத்துவந்து, மேல்மூடியை உளியால் வெட்டி, உள்ளே சருகைப் போட்டு ஒரு பகல் முழுக்க எரியவிட வேண்டும். ஒட்டியிருக்கும் தார் உருகித் தீரும். பிறகு மணல் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவது முறை குளிக்கலாம். அப்படியும் ஒரு மாதத்துக்கு உடம்பில் புதுச் சாலை வாசம் அடிக்கும்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்கு என் மகன்தான் காரணம். போன வாரம் போனில் ஒரு படம் காட்டினான். கடற்கரைச் சாலையில் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன வண்டிகளை வாடகைக்கு விடுகிறார்களாம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கை அகலத்துக்கு ஒரு தொட்டி, குழாயைத் திருப்பினால் வெந்நீர். பாத்திரங்களை நீங்களே கழுவி வைத்துவிட்டுப் போகவும் என்று ஒரு பலகை வேறு. ரெண்டு நாள் போய்த் தங்கலாம்மா, உனக்கும் புதுசா இருக்கும் என்றான். எனக்குப் புதுசா? நான் பத்து வயதில் அதே கடற்கரையில், அதே மாதிரி ஒரு வண்டியில் இரண்டரை மாதம் குடியிருந்தேன். வெந்நீர் காய்ச்சியதும் பாத்திரம் கழுவியதும்தான் அங்கே எனக்கு வேலை.

எங்கள் ஊர் கிளியனூருக்குப் பக்கத்தில். ஊர் என்று சொல்கிறேன், எங்கள் வீடு காலனியில். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் நடவுக்குப் போவார்கள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார்கள், எதுவும் இல்லாத காலத்தில் சவுக்கு வெட்டப் போவார்கள். அந்த வருஷம் மேஸ்திரி ஒருவர் கோட்டக்குப்பத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு பெரிய தோப்பை எடுத்திருந்தார். தை பிறந்ததும் வெட்டு ஆரம்பம். தினமும் போய்வர முடியாத தூரம். அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, குடியிருக்க ஒரு டிராக்டர் டிரெய்லரைக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே நிறுத்தினார்.

நெல்லும் செங்கல்லும் ஏற்றுகிற சாதாரண டிரெய்லர்தான். மேலே சவுக்குக் கம்புகளை வளைத்துக் கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இரண்டே சக்கரம் என்பதால் முன்பக்கம் ஒரு கட்டைமேல் முட்டுக்கொடுத்து நின்றது. பின்பக்கமாக யாராவது கனமான ஆள் ஏறினால் முன்பக்கம் எழும்பிவிடும். முதல் நாளே அம்மா அப்படி ஏறி, சட்டி பானை அரிசி உப்பு எல்லாம் அவள் காலடிக்கு உருண்டு வந்தன. அம்மா நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த இரண்டரை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். வெட்டு ஆட்கள் என் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள். மரத்தைச் சாய்ப்பது அவர்கள். கிளை கழிப்பதும் பட்டை உரிப்பதும் அம்மா. அவர்களுக்குச் சோறு பொங்க, தண்ணீர் காய்ச்ச, பாத்திரம் கழுவ ஓர் ஆள் வேண்டுமே. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்பா என்னைக் கேட்க வந்தபோது எங்கள் வாத்தியார் ஒரே வார்த்தைதான் சொன்னார். முழுப்பரீட்சைக்கு வந்துவிட்டால் பாஸ் போட்டு ஆறாம் வகுப்புக்கு அனுப்புகிறேன், வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன். அப்பா தலையாட்டினார். பரீட்சைக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார். எங்கள் காலனியில் பேர் அடிக்கப்பட்ட பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். யாரும் திரும்பப் போனதில்லை.

தோப்பில் எனக்குப் பிடித்தது தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் மணலை இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். அவசரப்பட்டால் மணல் கலங்கிவிடும். அடுப்புக்குச் செங்கல் டிரெய்லரிலேயே கிடந்தது. விறகுக்குப் பஞ்சமே இல்லை. ஊரில் ஒரு கை சுள்ளிக்கு அலைந்த நாங்கள் அங்கே மிலாறுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து ராஜா மாதிரி எரித்தோம். மிலாறு என்பது சவுக்கின் மெல்லிய கிளை, பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். சாயங்காலம் உடம்பெல்லாம் பட்டைத் தூளும் அரிப்புமாக வேலை முடித்து வருகிறவர்களுக்கு தார் டின்னில் காய்ச்சி ஆளுக்கு ஒரு குடம் வெந்நீர் தருவேன். சித்தப்பா ஒருவர் தினமும் அப்பனே முருகா என்று முனகிக்கொண்டே ஊற்றிக்கொள்வார். அந்த முனகலைக் கேட்பதற்காகவே நான் அவர் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காயவிடுவேன்.

இனி டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டிய கட்டைகளை இன்னொரு டிரெய்லரில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோகிறவர். பக்கத்து ஊர், ஊர்த்தெருக்காரர். அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர் இருப்பார். அப்பா அவரை வாங்க என்பார், அவர் அப்பாவை வாடா என்பார். ஆனால் நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எனக்குக் கமர்கட்டு வாங்கிவருவார். காலியாகத் திரும்பும்போது என்னை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று விடுவார். காலையில் வீட்டிலிருந்து கேரியரில் சோறு கொண்டுவந்து, மத்தியானம் தோப்பில் சாப்பிடுவார். சாப்பிட ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு டம்ளரும் டிராக்டரின் டூல் பாக்ஸில் வைத்திருந்தார். எங்களிடம் இருந்ததெல்லாம் நசுங்கிய அலுமினியம். அந்தத் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த தட்டு. அந்தத் தோப்பில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் அவர் சாப்பிட்டு முடித்ததும், பாப்பா இதையும் கழுவிப் போடு என்றார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, ஊற்றுத் தண்ணீரில் அலசி, டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு கட்டையின்மேல் கவிழ்த்து வைத்தேன். அவர் தன்னுடைய தண்ணீர்க் கேனை எடுத்துவந்தார். தட்டைத் தொடுவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு முறை தண்ணீர் ஊற்றினார். டம்ளர்மேல் ஒரு முறை. பிறகு எடுத்துத் துடைத்து டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. காலனிப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் என்று தெரியும். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அதெல்லாம் ஊரில். தோப்பில் தெருவும் இல்லை, காலனியும் இல்லை. நாலு பக்கமும் மரம்தான். அந்தச் சட்டமெல்லாம் ஊர் எல்லையோடு நின்றுவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அம்மாவிடம் போய்க் கேட்டேன், டிரைவர் ஏன் நான் கழுவியதைத் திரும்பக் கழுவுகிறார் என்று.

அம்மா பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“நீ ஒழுங்கா தேய்க்கறதில்ல. பிசுக்கு இருக்குது. அதான் ஊத்திக் கழுவுறாரு.”

நான் நம்பினேன். அம்மா சொல்லி நம்பாமல் இருப்பேனா?

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பேஜாரு. மறுநாள் சாம்பலை இரண்டு பங்காக்கினேன். ஊற்றினார். அப்பாவிடம் கெஞ்சி மேஸ்திரி வழியாகப் புளி வாங்கிவரச் சொல்லித் தேய்த்தேன். தட்டில் முகம் தெரிந்தது. ஊற்றினார். ஒருவேளை ஊற்றுத் தண்ணீரில்தான் ஏதோ குறை என்று நினைத்து, அவர் கேனிலிருந்து கொஞ்சம் தாங்க, அதிலேயே கழுவுகிறேன் என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, அது குடிக்கிற தண்ணி பாப்பா என்றார். ஒரு நாள் கடல் மணலை அள்ளிவைத்து அழுத்தித் தேய்த்ததில் தட்டெல்லாம் கீறல் விழுந்துவிட்டது. அன்று அவருக்குக் கோபம் வந்தது. தட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அழுததும், சரி போ, இனிமே மண்ணு போடாத என்றார். பிறகு, அந்தக் கீறல்களின்மேலும் தண்ணீர் ஊற்றினார்.

மாசி நடுவில் நான் பள்ளிக்கூடத்தை நினைத்து நச்சரிக்கத் தொடங்கினேன். காரணம் உண்டு. பரீட்சை எந்த மாதம் என்று எனக்குத் தெரியும், தோப்பில் பாதி மரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஊரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுங்கள், நான் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வேன். அப்பா முதலில் ம் என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். ஒரு நாள் கோடாரிப் பிடி உடைந்து, கையில் ரத்தக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் போய் மறுபடி ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

“ஒரு தட்டு கழுவத் தெரியல, நீ படிச்சு இன்னா கிழிக்கப் போற? டிரைவரு என்னிக்குத் தண்ணி ஊத்தாம தட்டை எடுத்துக்கினு போறாரோ, அன்னிக்கு உன்னை பஸ்ஸு ஏத்தி வுட்டுர்றேன். அதுவரைக்கும் வாயைத் தொறக்காத.”

சித்தப்பாக்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா எழுந்து அடுப்பண்டை போய்விட்டாள். எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான். இனி அது வெறும் தட்டு இல்லை, அதுதான் என் பரீட்சை.

அதற்கப்புறம் நான் தட்டைக் கழுவிய விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வெந்நீர்தான் பிசுக்கை எடுக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். அவர் மீன்குழம்பு கொண்டுவந்த ஒரு நாள், தட்டின்மேல் பச்சைத் தண்ணீர் முத்து முத்தாக ஓடியது. காய்ந்த தண்ணீரைக் கொட்டியதும் சட்டென்று வழிந்து சுத்தமானது. ஆகா, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று துள்ளினேன். அன்றைக்கும் ஊற்றினார். சரி, இன்னும் காயவேண்டும் போல என்று நினைத்தேன். மறுநாள் கை பொறுக்காத சூடு. அதற்கு மறுநாள் குமிழி விடும் சூடு. விரல்நுனியெல்லாம் தோல் உரிந்தது. கழுவி முடித்ததும் தட்டை மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பேன். எந்த வாசமும் இருக்காது. ஆனாலும் அவர் கேனோடு வருவார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்புக்குப் பின்னால் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கேன் சாயும். தண்ணீர் விழும். 

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு முறை, போதும் விடு, தோல் வழண்டுபோச்சு பாரு என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். விட்டுவிட்டால் பரீட்சை போய்விடுமே என்றேன். அவள் என் கையை விட்டாள். பிறகு பட்டை உரிக்கப் போய்விட்டாள்.

பங்குனி நடுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். தட்டின்மேல் வெந்நீரை ஊற்றுவதைவிட, தட்டையே கொதிக்கிற தார் டின்னுக்குள் போட்டுவிட்டால் என்ன? மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்ததும் தேய்த்து எடுத்து, டின்னில் போட்டு, மிலாறைத் திணித்துத் திணித்து எரித்தேன். தட்டு உள்ளே கடகடவென்று ஆடியது. வெந்துவிட்டது என்று தோன்றியதும் ஒரு குச்சியை விட்டு நெம்பினேன். தட்டு வரவில்லை, டின் சாய்ந்துவிட்டது. அத்தனை கொதிநீரும் என் வலது காலில்.

கத்தினேனா என்று நினைவில்லை. ஓடிவந்த முதல் ஆள் டிரைவர். என்னை அப்படியே வாரித் தூக்கினார். பின்னாலிருந்த டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, அம்மா ஏறினாளா இல்லையா என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் ஓட்டினார். கோட்டக்குப்பத்தில் ஒரு டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் அந்த மணல் பாதையில் எப்படித்தான் ஓட்டினாரோ. வழியெல்லாம், ஒண்ணும் இல்ல பாப்பா, தோ வந்துட்டோம் பாப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் கண்ணீரும் மூக்குச் சளியும் அவர் சட்டையெல்லாம். டாக்டர் கட்டுப் போடும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியவர் அவர்தான். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அது பொய்யில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து என்னை டிரெய்லரில் படுக்கவைத்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. தார்ப்பாய் விலகிய இடத்தில் எனக்கு அடுப்பு தெரிந்தது. கவிழ்ந்த டின்னுக்குப் பக்கத்தில் ஈர மணலில் அந்தத் தட்டு கிடந்தது. டிரைவர் வீட்டுக்குக் கிளம்புவதற்காக டிராக்டர் பக்கம் போனார். தட்டைப் பார்த்தார். கேனை எடுத்துவந்தார். ஊற்றினார்.

என்னைத் தூக்கிய அதே கை. சட்டையில் என் சளி இன்னும் காயவில்லை.

நான் விசும்பியதைக் கேட்டு அம்மா குனிந்தாள்.

“ரொம்ப எரியுதா?”

“தண்ணி ஊத்திட்டாரும்மா.”

அம்மா டிரெய்லரிலிருந்து குதித்தாள். அப்பாவிடம் நேராகப் போனாள். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். இந்தப் புள்ளைகிட்ட ஒண்ணு உண்மையைச் சொல்லு, இல்லாட்டி இட்டுக்கினு போய் வுடு, ரெண்டுல ஒண்ணு செய்யலன்னா நானே நடந்து போறேன் என்றாள். என்ன உண்மை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அப்பா கோடாரியைக் கீழே வைத்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிராக்டர் அருகே போனார். இருபது முப்பது அடி தூரம் இருக்கும், பேச்சு கேட்கவில்லை. அப்பா என்னமோ சொன்னார். டிரைவர் தலையை ஆட்டினார். அப்பா திரும்பச் சொன்னார். டிரைவர் என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார். கடைசியில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரிடம் தூக்கிப் போனதற்கு நன்றி சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் டிரைவர் சாப்பிட்டார். அம்மா தட்டை வாங்கப் போனாள், நான் விடவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி கழுவினேன். வெந்நீர் கிடையாது, புளி கிடையாது. ஏதோ கொஞ்சம் சாம்பலைத் தடவி ஊற்றுத் தண்ணீரில் அலசினேன். அத்தனை நாளில் நான் மோசமாகக் கழுவியது அன்றுதான். அம்மா அதைக் கொண்டுபோய்க் கட்டையின்மேல் கவிழ்த்தாள்.

டிரைவர் வந்தார். கை தானாகக் கேன் பக்கம் போயிற்று, நின்றது. அப்பா மரத்தடியில் கோடாரியை ஓங்காமல் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பாக்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் தட்டை விளிம்பில் இரண்டு விரலால் தூக்கினார். டூல் பாக்ஸைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். டம்ளரையும் அப்படியே. யாரையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் கத்திய கத்தலில் காக்காய்கள் பறந்தன. எடுத்துட்டாரு, ஊத்தாம எடுத்துட்டாரு என்று ஒற்றைக் காலில் எழுந்து நின்று கத்தினேன். சித்தப்பாக்கள் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்ததில் இவர்களுக்கு என்ன வருத்தம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா வாக்குத் தவறவில்லை. இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் என்னைத் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார். தோப்பைத் தாண்டியதும் மணல் பாதையின் ஓரமெல்லாம் தாழம்புதர். தோள்மேல் இருந்ததால் எனக்குப் புதரின் உள்பக்கம் தெரிந்தது. ஓர் இடத்தில் என்னமோ பளபளத்தது.

“அப்பா, டிரைவரு தட்டு.”

அவர் நின்றார். என்னை இறக்கிவிட்டுவிட்டுப் புதரைப் பார்த்தார். தட்டும் கிடந்தது, டம்ளரும் கிடந்தது. வண்டி ஆட்டத்தில் விழுந்திருக்கும், எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்றேன். தாழை மடல் முள் அரம் மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அப்பா அதற்குள் கையை விட்டுத் தட்டை எடுத்தார். முழங்கை வரைக்கும் கோடு கோடாக ரத்தம். டம்ளர் இன்னும் உள்ளே கிடந்தது, அதை விட்டுவிட்டார். தட்டை வேட்டியில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“உனக்குத்தான் குடுத்துட்டுப் போயிருக்காரு. நீ நல்லா கழுவுனல்ல, அதுக்கு.”

“அப்ப ஏன் முள்ளுல போட்டாரு?”

“கையில குடுத்தா நான் வாணாம்னு சொல்லிருவேன்னுதான்.”

இதையும் நம்பினேன். பஸ்ஸில் அந்தத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். பெரியம்மாவிடம், காலனிப் பிள்ளைகளிடம், வாத்தியாரிடம், எல்லாரிடமும் காட்டினேன். பரீட்சை எழுதினேன், பாஸ் ஆனேன். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். நான் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டோடு நிற்பேன். யார் எழுத்து இது என்று கேட்டால், நன்றாகப் பாத்திரம் கழுவியதற்கு ஒரு டிரைவர் கொடுத்த பரிசு என்பேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

படித்தேன், நர்ஸ் ஆனேன், திண்டிவனத்தைச் சுற்றி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்து நாலு வயது எனக்கு, கூட்டேரிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஊர்த்தெரு. குழந்தையைப் பார்த்து, தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அந்த வீட்டுப் பெரியவள் காபி கொடுத்தாள். மரியாதையான மனுஷி. நர்ஸம்மா நர்ஸம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவித் துவைகல்மேல் கவிழ்த்தேன். அவள் சிரித்துப் பேசிக்கொண்டே சொம்போடு வந்தாள். டம்ளரைத் தொடுவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு முறை ஊற்றினாள். பிறகு எடுத்தாள். பேச்சும் நிற்கவில்லை, சிரிப்பும் மாறவில்லை.

சைக்கிளை மிதிக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். படித்தவள், நாலு ஊருக்குப் புத்தி சொல்கிறவள், எனக்கு அது விளங்கப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது. வெயிலில் நடந்தபடி நான் யார்மேல் கோபப்பட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெரியவள்மேல் இல்லை. டிரைவர்மேல்கூட அவ்வளவாக இல்லை. அம்மாமேலும் அப்பாமேலும்தான்.

அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனேன். விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு டிராக்டர்கிட்டப் போய் என்ன கேட்டீங்க என்றேன். எந்த டிராக்டர் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கை மல்லாட்டையை உடைத்து முடித்தார். பிறகு சொன்னார். ஒரே ஒரு நாள், புள்ளை கண்ணெதிர ஊத்தாம எடுங்க, அப்பால வழியில நிறுத்தி எவ்ளோ வேணா ஊத்திக்குங்க என்று கெஞ்சியிருக்கிறார். நாலு பேர் பார்த்துட்டா அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாதே என்றாராம் டிரைவர். ஆனால் கடைசியில் சரி என்றாராம்.

“ஊத்தியிருக்கலாம். வழியில யாரு பாக்கறாங்க. தூக்கிப் போட்டுட்டாரு.”

ஏன் போட்டார் என்று நானும் பலவாறாக யோசித்துவிட்டேன். அருவருப்பா, என் அப்பாமேல் கோபமா, இல்லை தன்மேலேயே வெட்கமா? எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்த தட்டு. வீட்டில் என்ன பொய் சொல்லியிருப்பார் என்றும் யோசித்ததுண்டு.

பாவம் என்று அப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை. உண்மையை எங்கிட்ட ஏன் சொல்லலை, நான் கழுவத் தெரியாதவள்னு ஏன் நம்பவெச்சீங்க, எத்தனை நாள் கை வெந்துச்சு தெரியுமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. அவர் மல்லாட்டைத் தொலியைக் கூட்டிக் கூட்டி ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“கழுவத் தெரியலன்னா நாளைக்குக் கத்துக்குவ. இத்தச் சொன்னா நீ இன்னாத்தக் கத்துக்குவ? அதான் உங்கம்மா அப்டிச் சொல்லிட்டா. நானும் அப்டியே வுட்டுட்டேன்.”

 அவர் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல், புடவை விளிம்புக்குக் கீழே தெரிந்த என் வலது காலைப் பார்த்தார்.

“நீ மொத நாளே நல்லாத்தான் கழுவுன” என்றார்.